முப்பத்தாறு கதவுக்கு ஒரு சாவி

முட்டி வலி உயிரை எடுத்தது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. முப்பத்தாறு கதவுகளுக்கு முன்னால் மண்டிபோட்டதில் சாவியக்காவுக்குக் கூலிக்கு மேல் கிடைத்த மிச்சம் இதுதான். சிமென்ட் தூசித் தரையில் கோணியை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் மண்டிபோட்டு, உளியால் பள்ளம் செதுக்கி, சாவி நுழையும் உருளையான சிலிண்டரை உள்ளே தள்ளி, கதவின் விளிம்பில் நீள ஸ்க்ரூவை முறுக்கி, சாவியைப் போட்டு மூன்று தடவை திருப்பிப் பார்க்க வேண்டும். அப்புறம் கோணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கதவு. வேலை முடிந்து மூன்று வாரம் ஆகியும் படி ஏறினால் முட்டிக்குள் மணல் அரைபட்டது. ஆனாலும் தைலம் தேய்க்கும்போதெல்லாம் "முப்பத்தாறு" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வாள். அவள் வாழ்நாளில் எடுத்த பெரிய வேலை அதுதான்.

சாவிக் கடை முதலில் புருஷனுடையது. கிரைண்டரிலிருந்து தெறித்த இரும்புத்தூள் அவர் வலது கண்ணில் ஏறி, பார்வை புகை மூட்டமாகிப் போனபிறகு அவள் மெஷினில் உட்கார்ந்தாள். அவர், புதிதாக எழுந்த அடுக்குமாடி ஒன்றின் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். பொம்பளை போட்ட பூட்டு பூட்டுமா என்று கேட்டவர்கள்கூட நாளடைவில் "சாவியக்கா, அவசரம்" என்று ஓடி வந்தார்கள். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

ஐந்து வருஷத்துக்கு முன்பு பஸ் திரும்பும் இடத்துக்கு அப்பால் செங்கல் சூளையும் முள்ளும்தான். இப்போது நாலு வரிசைக் கட்டடங்கள். ஞாயிறு தவறாமல் லாரி வரும். கால்களை மேலே தூக்கிக்கொண்டு கட்டில்கள் வரும், கயிற்றில் கட்டிய மெத்தைகள் வரும், பீரோவைப் பிடித்தபடி யாருடைய மாமனாராவது நின்றுகொண்டு வருவார். ஆட்கள் வந்ததும் கடைகள் முகம் மாறின. சைக்கிள் கடை செல்போன் கடையானது. மாவு மில் இருந்த இடத்தில் துணி வெளுக்கும் கடை வந்தது. கடைசியில் முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்ட ஹார்டுவேர் கடை ஒன்று வந்தது. உள்ளே ஒரே நிறச் சட்டை போட்ட நாலு பையன்கள், மூலையில் கம்ப்யூட்டர் வைத்த சாவி மெஷின். அன்றிலிருந்து சாவியக்காவின் கடையில் ஈ ஓட்டுகிற வேலைதான் நடந்தது.

அதனால்தான், புருஷன் வாட்ச்மேன் வேலை பார்க்கும் அதே கட்டடத்தில் முப்பத்தாறு கதவுக்குப் பூட்டு போட சூப்பர்வைசர் விலை கேட்டபோது, கண்ணாடிக் கடைக்காரன் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துச் சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டாள். அந்த விலைக்குக் கட்டுபடியாக வேண்டுமானால் சரக்கு மலிவாகக் கிடைக்க வேண்டும். பஸ் ஏறி நகரத்து மொத்தக் கடைத்தெருவில் அலைந்து, ஒரு வியாபாரியிடம் பன்னிரண்டு பூட்டு கொண்ட மூன்று பெட்டிகளைப் பிடித்தாள்.

"கம்பெனி மிச்சம்க்கா. தங்கமான பூட்டு. உங்களுக்காகத்தான் இந்த விலை" என்றான் அவன்.

பெட்டி மூலையில் சிவப்பு மையில் இரண்டு ஆங்கில எழுத்துகள் குத்தியிருந்தன. என்னவென்று கேட்டாள். "அது சரக்கு நம்பர்" என்றான்.

பூட்டு தங்கம்தான், அதில் பொய் இல்லை. அவள் ஒவ்வொன்றையும் அதனதன் சாவியைப் போட்டுச் சோதித்தே மாட்டினாள். புருஷன் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார், அவருக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஒரு பூட்டை இன்னொரு பூட்டின் சாவியால் திறந்து பார்க்கும் வழக்கம் அந்தத் தொழிலில் யாருக்கும் இல்லை. பிள்ளை தன் தாயிடம் போகிறதா என்று பார்ப்பார்களே தவிர, ஊரார் பிள்ளையை எல்லாம் கொண்டுவந்து விட்டா பார்ப்பார்கள்?

புதன்கிழமை மத்தியானம் அது தெரிந்தது.

முதல் மாடி நர்ஸ் ஒரு சாவியும் மூன்றாம் மாடி டீச்சர் ஒரு சாவியும் நகலெடுக்கக் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் வெட்டி, அரத்தால் பிசிறு எடுத்து, துணியில் துடைத்துப் பலகைமேல் வைத்தாள். எது யாருடையது என்று பார்க்க எடுத்தவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். நான்கும் ஒரே சாவி போல நின்றன. மேடும் பள்ளமும் மயிரிழை பிசகவில்லை.

"கழுதை, நர்ஸ் சாவியையே ரெண்டு தடவை வெட்டியிருக்கே" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் அசல் சாவிகள் இரண்டிலும் அவளே கட்டிய அட்டைகள் தொங்கின. ஒன்றில் நர்ஸ் வீட்டு எண், மற்றதில் டீச்சர் வீட்டு எண்.

இரண்டு அட்டைகளையும் மறுபடி படித்துப் பார்த்தாள்.

கடையைச் சாத்தாமலே நர்ஸின் சாவியோடு கட்டடத்துக்கு ஓடினாள். நான்காம் மாடியில் இன்னும் யாரும் குடிவரவில்லை. முதல் கதவில் சாவியை விட்டுத் திருப்பினாள். தன் வீட்டுக்குள் நுழைவதுபோலத் திறந்தது. அடுத்த கதவும் திறந்தது. அதற்கடுத்ததும். ஆறு கதவுகள் ஆனதும் ஏழாவதைத் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். கீழே யாரோ குழந்தைக்குப் பாட்டுப் பாடிச் சோறு ஊட்டும் சத்தம் கேட்டது. பதினான்கு குடும்பங்கள் வந்தாகிவிட்டன. பதினான்கு பேர் வீட்டுச் சாவியும் அவள் உள்ளங்கையில் வியர்த்துக்கொண்டிருந்தது.

வாட்ச்மேன் கேட்டோரம் தன் காவல் கூண்டில் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எல்லாம் ஒரே சாவி."

"எது?"

"முப்பத்தாறு கதவுக்கும் ஒரே சாவிங்க."

அவர் சிரித்தார். "வெயில்ல மண்டை காஞ்சுபோச்சா உனக்கு?"

அவள் அவர் கையைப் பிடித்துத் தரைத்தளத்துக் காலி வீடுகளுக்கு இழுத்துப் போனாள். ஒன்றைத் திறந்தாள். பக்கத்து வீட்டைத் திறந்தாள். அவர் சிரிப்பு பாதியில் நின்றது. நல்ல கண்ணையும் மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்தான்."

"எந்த வீட்டுலயாவது ஒரு கம்மல் காணாமப் போகட்டும், முதல்ல யாரைப் பிடிப்பாங்க? பூட்டு உடையல, ஜன்னல் உடையல. பொண்டாட்டி பூட்டுப் போட்டா, புருஷன் திறந்துட்டான். அவ்வளவுதான் கதை. சாட்சிகூடத் தேவையில்ல."

"சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடலாமா?"

"சொல்லேன். அப்படியே ஒரு நல்ல சட்டையைத் துவைச்சு வை. ஸ்டேஷனுக்குப் போட்டுட்டுப் போறேன்."

"அப்ப என்னதான் பண்றது?"

அவர் படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எல்லாத்தையும் மாத்திடு. சத்தமில்லாம. காலி வீட்டுச் சாவியெல்லாம் என் கூண்டு ஆணியிலதானே தொங்குது, அதை நான் மாத்திக்கிறேன். குடி இருக்கிற வீடு உன் பாடு. முடியற வரைக்கும் வாயைத் திறக்காதே. முடிஞ்சப்புறம் யார்கிட்ட வேணா சொல்லிக்க."

மறுநாளே மொத்தக் கடைக்குப் போய் நின்றாள். வியாபாரி பெட்டி மூலையை விரலால் தட்டிக் காட்டினான். "அதான் போட்டிருக்கேக்கா, ஒரே சாவி சரக்குன்னு. ஹாஸ்டல்காரங்க தேடி வந்து வாங்குவாங்க."

"சரக்கு நம்பர்னு சொன்னியே."

"நான் அப்படியா சொன்னேன்?"

"இங்கிலீஷ்ல போட்டா எனக்கு எப்படிடா தெரியும்?"

"தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தான்.

கடைக்கு ஷட்டர் போடச் சேர்த்து வைத்திருந்த காசு போயிற்று. கண்ணாடிக் கடையிலேயே சில்லறை விலைக்கு ஆறு ஆறாகச் சிலிண்டர் வாங்கினாள்.

"வாங்க சாவியக்கா, எதிரி கடைக்கே வந்துட்டீங்க?" என்றான் முதலாளி.

"வேவு பார்க்க வந்தேன்."

"பார்த்துக்கங்க, ஏசி காத்து இலவசம். ஆமா, மொத்தக் கடையில பாதி விலைக்குக் கிடைக்குமே?"

"பஸ் ஏற முட்டி விடமாட்டேங்குது, தம்பி."

ஆறு சாவிகளையும் ஆறு சிலிண்டர்களிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். ஒன்று மற்றதில் நுழைந்தாலும் திரும்பவில்லை. அப்படி ஒருவர் சோதிப்பதை அந்தக் கடைப் பையன்கள் பார்த்ததில்லை. முதலாளி கல்லாவில் கையூன்றிக்கொண்டு பார்த்தான். "என்னக்கா, பூட்டுக்கு ஜாதகப் பொருத்தம் பார்க்கிறீங்களா?" என்றான். பையன்கள் சிரித்தார்கள். அவளும் பல்லைக் காட்டினாள். தெருவுக்கு வந்தபிறகு ஆறு சாவிகளையும் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தாள்.

அதன்பின் லாரிச் சத்தம் கேட்டாலே கைவேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். முன்பெல்லாம் லாரி வந்தால் ஆளுக்கு இரண்டு நகல் சாவி என்று மனம் கணக்குப் போடும். இப்போது இன்னொரு குடும்பம் வந்து அந்தப் பொறிக்குள் மாட்டுகிறதே என்று தோன்றியது. மூட்டையும் முடிச்சுமாக இறங்குகிற பெண்கள் கதவைப் பூட்டிவிட்டு, கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு, நிம்மதியாகக் கடைக்குப் போவார்கள். போகிறவர்களின் முதுகை அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். எல்லாக் கதவையும் திறக்கும் அந்தச் சாவி ஒன்று அவள் இடுப்புப் பையில் கிடந்தது. அதைத் தொட்டாலே திருட்டுப் பொருளைத் தொட்டது போலிருந்தது. தொலைந்துவிட்டால் என்ன ஆகும் என்று நாளைக்கு நூறு தடவை தொட்டும் பார்த்தாள்.

எட்டாம் நாள் மாலை ஐந்து மணிக்கு, நான்காம் மாடியில் பதினைந்தாவது சிலிண்டரை உருவிக்கொண்டிருந்தபோது கீழே ஒரு பெண் வீறிட்டாள். சாவியக்கா திருப்புளியும் கையுமாக ஓடினாள்.

மூன்றாம் மாடி டீச்சர் வாசலில் நின்றாள். ஈரத் தலை, மேலே போர்த்திய துண்டு. உள்ளே, அவள் வீட்டு சோபாவில், இரண்டாம் மாடிப் பெரியவர் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைச் சிக்னல்காரர் என்பார்கள். ரயில்வே சிக்னல் கேபினில் முப்பத்தோரு வருஷம் லீவர் இழுத்தவர். அந்தக் கதையைக் கேட்காதவர்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை. தினமும் நாலு மணிக்கு நடக்கப் போவார், ஐந்து மணிக்கு வருவார். லிப்ட் இன்னும் ஓடவில்லை. கதவுகளில் எண் எழுதவில்லை. எல்லா மாடியும் ஒரே சுண்ணாம்பு, எல்லாக் கதவும் ஒரே பழுப்பு. மூச்சு வாங்க ஏறியவர் ஒரு மாடி கூடுதலாக ஏறிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

"கதவைப் பூட்டிட்டுத்தான் குளிக்கப் போனேன். சத்தியமாப் பூட்டினேன்" என்று டீச்சர் அழுதாள்.

"என் சாவியைப் போட்டுத்தாம்மா திறந்தேன். சோபாவை எப்ப மாத்தினாங்கன்னு நினைச்சேன்" என்றார் பெரியவர். கையில் சாவி இருந்தது. அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

யாரும் சாவியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். வாட்ச்மேன் சாவியக்காவைப் பார்த்தார், அவள் தரையைப் பார்த்தாள். மருமகள் ஓடி வந்தாள். "மாமா, எழுந்திரிங்க. மானம் போகுது" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். டீச்சர் கதவைப் பூட்ட மறந்திருக்கிறாள், கிழவருக்கு மூளை குழம்பியிருக்கிறது என்று ஐந்தே நிமிஷத்தில் தீர்ப்பாகிவிட்டது.

அந்தக் கதவில் அன்றைக்கே ஒருவர் அந்தச் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்திருந்தால் எல்லாம் வெட்டவெளிச்சமாகியிருக்கும்.  கூட்டம் கலைந்தபோது சாவியக்காவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

இரண்டு நாள் கழித்து மருமகள் கடைக்கே வந்தாள். வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அக்கா, ஒரு தாழ்ப்பாள் போடணும். மாமா ரூமுக்கு. வெளிப்பக்கம்."

"வெளிப்பக்கமா?"

"நான் மீட்டிங்ல இருக்கிற நேரம் மட்டும்தான். ரோட்டுல போய் லாரியில அடிபட்டார்னா யார் பதில் சொல்றது? உங்க வீட்டுல பெரியவங்க இருந்தா தெரியும்க்கா." அவள் குரலில் ஈவிரக்கம் இல்லாமல் இல்லை. தூக்கம்தான் இல்லை.

வேறு ஆளைப் பார்க்கச் சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். கண்ணாடிக் கடைக்குப் போவாள். அவன் ஆள் வந்து, சாவியை எடுத்து, பூட்டைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் போதும். சாவியக்கா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து அவள் துளை போடுவதைப் பார்த்தார். டிரில் நின்றதும் பேசினார்.

"அம்மா, நீ பூட்டு வேலைக்காரி. உனக்குத் தெரியும். நீ சொன்னா இவங்க நம்புவாங்க. என் சாவி அந்த வீட்டைத் திறந்துச்சு. முப்பத்தோரு வருஷம் லீவர் இழுத்தவன் நான், ஒரு நாள் தப்பான லீவரைத் தொட்டதில்ல. கை பொய் சொல்லாது. நான் திருப்பினேன், அது திரும்புச்சு."

மருமகள் வாசற்படியில் நின்றாள். "அக்கா, நீங்களே சொல்லுங்க. ரெண்டு நாளா இதேதான். ஒரு வீட்டுச் சாவி இன்னொரு வீட்டைத் திறக்குமா?"

 இருவரும் சாவியக்காவின் வாயையே பார்த்தார்கள். அவள் கண்ணில் கேட்டும் கூண்டும், வாட்ச்மேனின் காக்கிச் சட்டைக் காலரை யாரோ பிடித்து இழுப்பதும் வந்து போயின.

"திறக்காதுங்கய்யா" என்றாள்.

பெரியவர் கட்டில் விளிம்பில் வைத்திருந்த கையை எடுத்து, அது யாருடையதோ என்பதுபோலப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவள் மிச்ச நாலு ஸ்க்ரூவை முறுக்கினாள். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள், அழகாக விழுந்தது. கூலி வேண்டாம் என்றாள். மருமகள் வலுக்கட்டாயமாகப் பையில் திணித்தாள்.

அதற்குப் பிறகு அவள் பேய் பிடித்தவள்போல வேலை செய்தாள். காலி வீடுகள் ஒரு வாரத்தில் முடிந்தன. குடியிருக்கும் வீடுகள்தான் உயிரை வாங்கின. "அந்தச் சரக்குல துரு ஏறுதாம், இலவசமா மாத்தித் தரேன்" என்று கதவைத் தட்டினாள். இலவசம் என்றால் யாருக்கும் பிடிக்காமல் போகாது, ஆனால் யாரும் நம்புவதும் இல்லை.

"இலவசமா? அப்புறம் மாசாமாசம் வந்து காசு கேட்பீங்களா?" என்றான் ஒருவன்.

"துரு எங்கே, காட்டுங்க" என்றாள் நர்ஸ். பளபளக்கிற பூட்டில் துருவை எங்கே காட்டுவது? "உள்ளே ஏறியிருக்கும்மா, உடம்புல சீக்கு மாதிரி" என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டு வழிவிட்டாள்.

இன்னொரு வீட்டில் புருஷன் ஊருக்குப் போயிருக்கிறார், வந்தால்தான் பூட்டில் கைவைக்க விடுவேன் என்று ஒன்பது நாள் இழுத்தடித்தார்கள். அந்த ஒன்பது நாளும் சாவியக்கா அவர்கள் மாடியிலேயே ஏதாவது சாக்குச் சொல்லிச் சுற்றிக்கொண்டிருந்தாள். விளிம்பு ஸ்க்ரூவைக் கழற்றி, சாவியைக் கொஞ்சம் திருப்பி, சிலிண்டரை உருவ மூன்று நிமிஷம் போதும். அந்த மூன்று நிமிஷத்தில் வீட்டுக்காரர்கள் யாரும் பக்கத்தில் வந்து நின்று, எங்கே அந்தச் சாவியைக் கொடு என்று கேட்டுவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே இருப்பாள். உருவிய சிலிண்டர்களைச் சாக்கில் போட்டுக் கடைப் பலகைக்கு அடியில் தள்ளினாள். ஒவ்வொன்றிலும் வீட்டு எண் எழுதிய அட்டையைக் கட்டியிருந்தாள். ஏன் கட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. தொழில் பழக்கம்.

ஆறாவது வாரம் டீச்சர் வீட்டுக் கதவு முடிந்தது. ஏழாவது வாரம் கடைசியாக இன்னொன்று. முப்பத்தைந்து.

"மிச்சம் ஒண்ணுதான்" என்றாள் கூண்டில் வந்து உட்கார்ந்து. "சிக்னல்காரர் வீடு."

"அதை ஏன் மாத்தணும்?" என்றார் வாட்ச்மேன். "மத்ததெல்லாம் மாறிடுச்சே. இனி அந்தச் சாவி அந்தக் கதவைத்தான் திறக்கும். விட்டுடு, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு."

அவர் சொன்னது சரிதான். அந்த வீட்டுக்குப் போக இனி அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

"முடிஞ்சப்புறம் சொல்லிக்கன்னு சொன்னீங்களே."

"யார்கிட்ட?"

"அவங்ககிட்டதான்."

"இப்ப சொன்னா என்ன ஆகும்? ஏழு வாரம் ஊமையா இருந்தது ஏன்னு கேட்பாங்க. அப்ப சொல்லியிருந்தா தப்பு. இப்ப சொன்னா திருட்டு." பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்த மனுஷனை வர்ற ஞாயித்துக்கிழமை முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விடுறாங்களாம். பையன் வண்டி சொல்லிட்டான். கேட்ல வந்து சொன்னான்."

அன்று வியாழக்கிழமை.

சாவியக்கா படியேறினாள். தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்க்க வந்தேன் என்றாள். காதில் ஹெட்போன் மாட்டியிருந்த மருமகள் கையால் ஜாடை காட்டிவிட்டுத் தன் அறைக்குள் போனாள்.

தாழ்ப்பாள் போட்டிருந்தது. திறந்தாள்.

பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஏழு வாரத்தில் பாதியாகியிருந்தார். சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றி வளையம்போல நின்றது. கட்டிலடியில் ஒரு பெட்டி தயாராக இருந்தது. இன்னும் மூடவில்லை, மேலே இரண்டு துண்டும் ஒரு ஷேவிங் செட்டும் தெரிந்தன.

"யாரும்மா?"

"சாவிக்காரி."

"ஆமா, ஆமா. தாழ்ப்பாள் நல்லா இருக்கு. சத்தமே இல்ல."

அவள் அவர் காலருகே தரையில் உட்கார்ந்தாள். குரல் வெளியே போகாதபடி பேசினாள். "ஐயா, நீங்க அன்னைக்குச் சொன்னது நெசம். உங்க சாவி அந்த வீட்டைத் திறந்துச்சு. எல்லா வீட்டையும் திறந்துச்சு. நான் போட்ட பூட்டு எல்லாத்துக்கும் ஒரே சாவி. எனக்கு அன்னைக்கே தெரியும். பயத்துல திறக்காதுன்னு சொல்லிட்டேன். உங்க புத்தி நல்லாத்தான் இருக்கு ஐயா."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். கோபப்படுவார், கத்துவார், மகனைக் கூப்பிடுவார் என்று அவள் உடம்பெல்லாம் காத்திருந்தது. கூப்பிட்டால் கூப்பிடட்டும் என்றும் ஒரு நொடி நினைத்தாள்.

அவர் புன்னகைத்தார்.

"நல்ல மனசும்மா உனக்கு. போறவனுக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்கே."

"ஆறுதல் இல்லைங்கய்யா, நெசம். சத்தியமா."

"மகன் என்னைக் கூட்டிட்டுப் போய்ச் சோதிச்சுக் காட்டிட்டான்மா. போன வாரம். டீச்சர் வீட்டுக் கதவுல என் சாவியைப் போட்டேன். நுழையவே இல்ல." தன் வலது கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டார். "இந்தக் கைதான் பொய் சொல்லியிருக்கு. வயசாயிடுச்சுல்ல. பரவாயில்ல, விடு."

போன வாரம். டீச்சர் வீட்டுச் சிலிண்டரை அவள் மாற்றியதும் அதே வாரம்தான்.  மாற்றிய கையோடு அவருடைய கடைசிச் சாட்சியையும் உருவிக்கொண்டு போயிருக்கிறாள்.

"ஐயா, அது நான் மாத்தின புதுப் பூட்டு. பழசு என்கிட்ட இருக்கு..."

"அக்கா!" பக்கத்து அறையிலிருந்து மருமகள் கூப்பிட்டாள். "என்னக்கா, ஏதாவது பிரச்னையா? மாமா ஏதாவது சொல்றாரா?"

காலடிச் சத்தம் கேட்டது. மருமகள் காதிலிருந்ததைக் கழற்றியபடி வாசலில் வந்து நின்றாள். பெரியவர் சாவியக்காவைப் பார்த்தார். கெஞ்சவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை, வேலைக்காரி வேலையை முடித்துக்கொண்டு போவாள் என்கிற பார்வை. சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்தது. அதோடு காக்கிச் சட்டைக் காலரும் வந்தது.

"ஒண்ணுமில்லம்மா. தாழ்ப்பாள் சரியா இருக்கு."

"நன்றிக்கா. ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் அதையும் கழட்டிடணும், வந்து பார்த்துக்கங்க."

சாவியக்கா வெளியே வந்தாள். அவள் பின்னால் மருமகள் தாழ்ப்பாளைப் போட்டாள். சத்தமே இல்லை.

கேட்டில் ஒரு லாரி உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் கையை ஆட்டி வழி காட்டினார். அவளைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். அவள் நிற்காமல் கடைக்கு நடந்து, பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, சாக்கை இழுத்துத் துழாவினாள். டீச்சர் வீட்டு எண் எழுதிய அட்டையோடு பழைய சிலிண்டர் கையில் வந்தது. இதை மேலே எடுத்துப்போய், மகனும் மருமகளும் பார்க்க, பெரியவர் கையில் அவருடைய சாவியைக் கொடுத்து ஒரு தடவை திருப்பச் சொன்னால் போதும். அரை நிமிஷ வேலை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. சிலிண்டர் அவள் மடியில்தான் இருந்தது. அந்த அரை நிமிஷம், சிக்னல்காரருக்கு அவள் கொடுக்க வேண்டிய கடன். இன்னும் கொடுக்கவில்லை.